மாவிலை வைத்த முப்பத்திரண்டு குடங்கள்

வித்தியாதரிசி தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குடத்தை அதன் நடுவில் வைத்தார். மண்குடம். பியோன் அப்போதுதான் அதிலிருந்த தண்ணீரைக் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டுக் கொண்டுவந்திருந்தார். அடியில் ஈரம் இருந்ததால் மேசையில் ஒரு வட்டம் பதிந்தது.

“உள்ளுக்குத் தண்ணி இருக்கக்கூடாது. மேலயும் ஒண்டும் இருக்கக்கூடாது. குடத்தை மட்டும் பாத்துக் கீறவேணும், விளங்குதோ?” என்று பிள்ளைகளிடம் சொன்னார். கையிலிருந்த அச்சடித்த தாளை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

வித்தியாதரிசி என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற கல்விக் கந்தோர் அதிகாரி. அவர் வருகிறார் என்றால் கூரையில் இருக்கிற ஓணான்கூட அடங்கிவிடும்.

நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் சித்திர ஆசிரியை நான். பரீட்சார்த்த நியமனத்தில் இருந்த என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்னர் எனக்கு ஒரு கோடுகூட நேராகக் கீறத் தெரியாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் முள்ளியவளைக்குப் பக்கத்தில். காலம், அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டுக் கடிதம் போடுகிற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு வருஷங்கள் நினைவில் நிற்பதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு இரண்டு கிழமை இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

நான் படித்தது சங்கீதம். யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி நின்று, வாய்ப்பாட்டுப் பரீட்சை ஒவ்வொன்றாக எழுதி முடித்தவள். அதற்கிடையில் அப்பா குடாநாட்டுச் செம்பாட்டு மண்ணை விட்டுவிட்டு, வவுனிக்குளத்துக் குடியேற்றத்தில் காணி எடுத்து நெல் விதைக்கப் போய்விட்டார்.

நானும் அங்கே போனேன். வரம்பில் நின்று பாடினால் கொக்குகள் எழும்பிப் போகும். அப்பா, “உன்ர படிப்பால எனக்குக் குருவி கலைக்கிற கூலி மிச்சம்,” என்பார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுட்டது.

சங்கீத ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். பல மாதம் கழித்துத் துணுக்காய்த் தபாற்கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அதில் என் பெயர் சரி, அப்பாவின் பெயர் சரி, விலாசமும் சரி. பாடம் மட்டும் சித்திரம் என்று இருந்தது.

பிழை எங்கே நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கடிதத்தையே திருப்பி வாங்கிவிடுவார்களோ என்று பயம். வேலை இல்லையென்றால் வவுனிக்குளத்தில் எனக்காகக் காத்திருந்தவை இரண்டு: களை பிடுங்க வேண்டிய வயல், கலியாணம் பேசி வைத்திருந்த ஒரு கடைக்காரரின் மகன். இரண்டிலும் எனக்கு வயலைத்தான் கூடப் பிடித்திருந்தது.

ஆகவே, வாயைப் பொத்திக்கொண்டு முள்ளியவளைக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாள் பிள்ளைகளிடம், “உங்களுக்கு விருப்பமானதைக் கீறுங்கோ,” என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். இரண்டு கிழமை அதையே சொன்னேன். தலைமை வாத்தியார் நல்ல மனிதர், எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்வார். “புதுமுறைக் கல்வி போல,” என்று என்னைப் பாராட்டினார். அன்று இரவே ஆள் தேடத் தொடங்கினேன்.

வள்ளத்துக்குப் பேர் எழுதுகிறவ

படம் கீறத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் தங்கியிருந்த வீட்டில் விசாரித்தேன். கோயில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர் வவுனியாவிலிருந்து வருவாராம், அவரும் செத்துப்போனாராம். “முல்லைத்தீவுக் கரையில பிலோமினா எண்டு ஒருத்தி இருக்கிறா. வள்ளத்துக்குப் பேர் எழுதிறவ. மாதா கோயில் பெருநாள் நாடகத்துக்குத் திரைச்சீலையும் அவதான்,” என்றார்கள்.

சனிக்கிழமை போனேன். கடற்கரையில் ஒரு வள்ளம் கவிழ்த்து வைத்திருந்தது. முப்பது முப்பத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் குந்தியிருந்து மாதாவின் பெயரை நீலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மீன் மணமும் பெயின்ற் மணமும் சேர்ந்து வந்தன. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் தூரிகையை நிறுத்தவேயில்லை.

“சித்திர ரீச்சருக்குச் சித்திரம் தெரியாதோ?”

“தெரியாது, அக்கா.”

“அப்ப உமக்கு என்ன தெரியும்?”

“பாட்டு.”

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். “பாட்டோ? அப்ப இரும். எங்கட வீட்டில ஒரு ராசா இருக்கிறார். அவரைத் திருத்தித் தாரும், நான் உமக்குக் கீறிக் காட்டுறன்.”

ராசா என்றது அவருடைய கணவர் சூசை அண்ணையை. பெருநாள் நாடகத்தில் பரம்பரையாக ராசா வேஷம் அவர்கள் வீட்டுக்குத்தான். ஆள் நல்ல உயரம், நல்ல மார்பு, குரலும் பெரியது. ஆனால் சுருதி மட்டும் அவரிடம் ஒருபோதும் நிற்காது. முந்தின வருஷம் ராசா பாடத் தொடங்கியதும் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டாராம்.

நாலு சனிக்கிழமை பாடுபட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் சனிக்கிழமை நான் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைச் சூசை அண்ணைதான் எடுத்துக் கொடுத்தார். நான் திகைத்துப் போனேன். சுருதி மயிரிழைகூடப் பிசகவில்லை.

கயிறு கையில் இருந்தால் அந்த மனிதருக்குச் சுருதி நிற்கிறது, அவ்வளவுதான். என்ன காரணம் என்று நான் படித்த சங்கீதத்தில் இல்லை. இன்றைக்கும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷப் பெருநாளில் ராசா கொலுவுக்கு வந்ததிலிருந்து கடைசிவரை திரைக்கயிற்றைப் பிடித்து இழுத்தபடிதான் பாடினார். சனம் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது.

இடைவெளியைப் பார்

பிலோமினாக்கா தன் பங்கை நேர்மையாகச் செய்தார். ஆனால் எனக்குப் பழக்கிக் கொடுக்கிறேன் என்று ஒருநாளும் உட்காரவில்லை. தன் வேலையைச் செய்தபடி கதைப்பார், நான் பக்கத்தில் மணலில் தடியால் கீறுவேன். கொஞ்ச நாளில் ‘நீர்’ போய் ‘நீ’ வந்தது.

“தங்கச்சி, உனக்குக் குடம் எப்பிடி எண்டு தெரியும். அதுதான் கரைச்சல். தெரிஞ்சதைக் கீறுறாய், பாக்கிறாய் இல்லை,” என்பார். “குடத்தை விடு. குடத்துக்குப் பக்கத்தில இருக்கிற வெறும் இடத்தைப் பார். நான் எழுத்தையோ பாக்கிறன் எண்டு நினைக்கிறாய்? எழுத்துக்கு எழுத்து இடையில எவ்வளவு விடுறது எண்டுதான் பாக்கிறன்.”

இது எனக்குப் பட்டென்று பிடிபட்டது. தாளத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் விடுகிற நேரத்தைத்தானே எனக்கு வருஷக்கணக்காகப் பழக்கினார்கள். இரண்டும் ஒரே வேலையா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது தெரிந்த சாமானையெல்லாம் தாளத்தில் அளந்துகொண்டு வந்தேன். முன் கதிரையில் இருந்தவரின் தலை மூன்று எண்ணிக்கை வந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆதிதாளம் போட்டேன். எட்டு எண்ணிக்கையில் ஒரு குடம். கழுத்துக்கு இரண்டு, வயிற்றுக்கு நாலு, அடிக்கு இரண்டு. நான் மேசையில் தட்ட, பிள்ளைகள் பென்சிலை ஓட்டினார்கள். ஒரு மாதத்தில் குடம் குடமாக வந்தது. பிறகு சட்டி, செம்பு, சைக்கிள் சில்லு.

என் குடம் மட்டும் பிலோமினாக்காவுக்குப் பிடிக்கவேயில்லை. ஒவ்வொரு சனியும் மணலைப் பார்த்துவிட்டு, “வாய் கோணல்,” என்பார். காலால் அழித்துவிடுவார்.

மாவிலை எங்கிருந்து வந்தது?

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் தாள்களைக் கொடுத்தார்கள். வித்தியாதரிசி முதலாவதைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு குடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முப்பத்திரண்டு தாள். முப்பத்திரண்டிலும் குடத்தின் வாயில் மாவிலை. மாவிலைக்கு நடுவில் தேங்காய். இரண்டொருவர் பக்கத்தில் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

இத்தனை மாதமாக நான் சொன்னது ஒன்றேயொன்றுதான்: பார்த்துக் கீறுங்கோ. அதையல்லவா காற்றில் விட்டுவிட்டார்கள்!

முன்வரிசை வாங்கில் இருந்த செல்வராணியை அவர் எழுப்பினார். பத்து வயது, இரட்டைப் பின்னல், பயம் என்பது அறவே இல்லாத பிள்ளை.

“இந்த மாவிலை எங்க இருக்கு? காட்டும் பாப்பம்.”

“அங்க இல்லை, சேர்.”

“தேங்காய்?”

“அதுவும் இல்லை, சேர்.”

“அப்ப ஏன் கீறினீர்?”

அந்தப் பிள்ளைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். “நீங்கள் வந்திருக்கிறீங்கள் எல்லோ. வந்த ஆளுக்கு முன்னால வெறுங்குடத்தை எப்பிடி வைக்கிறது? பியோன் அண்ணை மறந்துபோனார் போல. நாங்கள் வைச்சிட்டம்.”

மற்றப் பிள்ளைகளும் ஓம் என்று தலையாட்டினார்கள்.

வித்தியாதரிசி கரும்பலகையடிக்குப் போனார். வெண்கட்டியை என்னிடம் நீட்டினார். “நீர் கீறும், மிஸ்.”

மனதுக்குள் தாளம் போட்டேன். குடத்தை விட்டு, குடத்துக்கும் யன்னலுக்கும் இடையில் இருந்த வெளியைப் பார்த்தேன். கழுத்துக்கு இரண்டு, வயிற்றுக்கு நாலு, அடிக்கு இரண்டு. கரும்பலகையில் ஒரு வெறுங்குடம் இருந்தது. வாய்கூட அவ்வளவு கோணலில்லை.

“உம்மட குடம் சரி. பிள்ளையளுக்குத்தான் நீர் பாக்கப் பழக்கேல்லை,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு

தலைமை வாத்தியார் வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் கறி வந்திருந்தது. மணம் வகுப்புவரை வந்தது. எனக்கு வவுனிக்குளத்து வயல்தான் கண்ணுக்குள் நின்றது. போகிற வேலை போகட்டும் என்று, சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி இருத்திவைத்துப் பாடத் தொடங்கினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றுதான் முதல்முதலாக வாய்விட்டுப் பாடினேன். பாடி முடித்துத் திரும்பினால் வாசலில் வித்தியாதரிசி நிற்கிறார்.

“நீர் சங்கீதம் படிச்சனீரோ?”

இனி மறைத்து என்ன? கடிதத்தில் பாடம் மாறி வந்ததிலிருந்து கடற்கரை மணல்வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, எரிச்சலும் வந்தது.

அவர் கதிரையை இழுத்து இருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், நான் படிச்சது விவசாயம். நெல்லுக்கு வாற பூச்சி நோயைப் பற்றிக் கேளும், சொல்லுறன். சித்திரத்துக்கு ஆள் இல்லையெண்டு என்னை இதுக்குப் போட்டுவிட்டினம். எனக்கு ஒரு பூசணிக்காய் கீறத் தெரியாது. இந்தத் தாளில என்ன இருக்கோ அதைத்தான் நான் பாக்கிறன்.”

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“உம்மட பாடம் பிழையெண்டு நான் எழுதினா, அந்தப் பிழையைத் திருத்துவினம். திருத்தினா உமக்கு இங்க இடமில்லை, இந்தப் பள்ளிக்கூடத்தில சங்கீதத்துக்குப் பதவியே இல்லை. அதை விடுவம். ஆனா மாவிலைக் குடத்தை நான் மேல அனுப்பேலாது. தாளில வெறுங்குடம் எண்டுதான் இருக்கு. வாற வியாழனுக்கிடையில பிள்ளையள் வெறுங்குடம் கீறி அனுப்பினா, உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன். இல்லாட்டி என்னாலயும் ஒண்டும் செய்யேலாது.”

அன்று வெள்ளிக்கிழமை.

களவு செய்யப் போனேன்

நடந்ததை நடந்தபடி எழுதுவதாகத்தான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். ஆகையால் இதையும் எழுத வேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முப்பத்திரண்டு வெறுந்தாளையும், வித்தியாதரிசி விட்டுவிட்டுப் போன மாவிலைக் குடங்களையும் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனேன்.

“அக்கா, நீங்கள் பாதி, நான் பாதி. பின்னேரத்துக்கிடையில கீறி முடிச்சிடலாம். பிள்ளையளின்ர பேரை நான் கீழ எழுதுவன்.”

பிலோமினாக்கா நடந்ததை முழுக்கச் சொல்லவைத்துவிட்டு, மாவிலைக் குடங்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாக மணலில் பரப்பினார், காற்றுக்குப் பறக்காமல் சங்கும் சிப்பியும் மேலே வைத்தார். நடந்து நடந்து பார்த்தார். குத்துவிளக்கு ஏற்றிய படத்துக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“தங்கச்சி, மாவிலையை விட்டிட்டுக் குடத்தைப் பார். ஒரு வாயாவது கோணலோ?”

பார்த்தேன். ஒன்றும் கோணலில்லை. வெள்ளிக்கிழமை நான் இலையைத்தான் பார்த்தேனே தவிர, குடத்தைப் பார்க்கவேயில்லை.

“உன்ரையை விட நல்லாக் கீறியிருக்குதுகள். குடத்தையும் பாத்திருக்குதுகள், வந்த மனிசனையும் பாத்திருக்குதுகள். இதுக்கு நான் வேற கீறவோ? போ, போ. ஆக்கள் இல்லாத நேரம் கீறச் சொல்லு.”

வெறுந்தாள் முப்பத்திரண்டையும் என் கையிலேயே திணித்துவிட்டு, பெயின்ற் ரின்னைத் திறக்கப் போய்விட்டார். எனக்கு முகம் கொடுக்க முடியாத வெட்கம்.

திங்கட்கிழமை

அதே மேசை, அதே குடம். தண்ணீரை நானே செடிக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

“இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. பாத்துக் கீறுங்கோ,” என்றேன். இது யாருக்குப் போகிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒவ்வொரு படத்திலும் வாழைமரமே கட்டியிருப்பார்கள்.

செல்வராணி கை உயர்த்தினாள். “நீங்கள் நிக்கிறீங்கள்தானே, ரீச்சர்?”

“நான் வந்த ஆளோ?”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இல்லை. நீங்கள் எங்கட ரீச்சர்,” என்றுவிட்டுக் குனிந்து கீறத் தொடங்கினாள்.

யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒரு வருஷமாக நான் அந்த வகுப்பில் களவாக நுழைந்த ஆள் மாதிரித்தான் நின்றிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முப்பத்திரண்டு குடம் வந்தது. எல்லாம் வெறுங்குடம். மேசையில் பதிந்திருந்த ஈர வட்டத்தைக்கூடச் சிலர் கீறியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தபாற்கந்தோருக்குப் போனேன். பெரிய காகித உறைக்குள் எல்லாவற்றையும் வைத்து, விலாசம் எழுதி, ஒட்டுவதற்குப் பசையும் எடுத்துவிட்டேன். பசையைத் திரும்ப வைத்தேன். முப்பத்திரண்டு வெறுங்குடத்தை ஒரு மனிதருக்கு எப்படி அனுப்புவது? அதுவும் என் வயிற்றில் பால் வார்க்க நினைத்த மனிதருக்கு?

தபாற்கந்தோர் மேசையில் இருந்த பென்சிலை எடுத்தேன். ஒரு வெறுந்தாளில் ஐந்து மாவிலையும் ஒரு தேங்காயும் கீறினேன். குடம் கீறவில்லை, அதுதான் உள்ளே முப்பத்திரண்டு இருக்கிறதே. அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து உறையை ஒட்டினேன்.

பொங்கல் முடிந்து, மழை தொடங்கி, பதில் வராது என்று நான் தீர்மானித்திருந்த ஒரு நாளில் நியமனக் கடிதம் வந்தது. சித்திர ஆசிரியை, நிரந்தரம். அதோடு ஒரு துண்டுக் கடுதாசியும் பின் குத்தியிருந்தது. ஒரு பூசணிக்காய்கூடக் கீறத் தெரியாத அந்த மனிதரின் கையெழுத்தில் ஒரே வரி:

“மாவிலை சரி. தேங்காய் கொஞ்சம் கோணல்.”